ஹால்வரும் வளைய ஆணியும்

இந்தக் குளிர்காலத்தில் தன் வீட்டில் தங்குவதில்லை என்று ஹால்வர் சபதம் செய்தார். காரணம், மனைவி ஆர்டிஸின் அக்கா பியூலா. ஏரி உறைந்தால் வருவாள், உருகினால்தான் போவாள். வந்த அன்றே ஹால்வரின் நாற்காலி, ரிமோட், அபிப்பிராயம் மூன்றையும் பறிமுதல் செய்துவிடுவாள்.

மினசோட்டாவில் மானமுள்ள ஆண்பிள்ளைக்கு இதற்கு ஒரே மருந்துதான்: மீன் வீடு. பலகையில் கட்டிய குட்டி அறை. உறைந்த ஏரியின் நடுவே இழுத்துப்போய் நிறுத்த வேண்டியது. தரையில் ஓட்டை, பனிக்கட்டியில் ஓட்டை, அதற்குள் தூண்டில். மீன் கடிக்காவிட்டால் போகிறது. பியூலா கடிக்க மாட்டாள்.

ஆர்டிஸுக்கு ஆசை வேறு. சமையலறை வாசலுக்கு வெளியே, பனி அப்பிய பூட்ஸைக் கழற்றி வைக்க மூடிய முன்னறை ஒன்று. கல்யாணமான நாளாகக் கேட்டுவருகிறாள். ஹால்வரும் கல்யாணமான நாளாக "பார்க்கலாம்" என்று சொல்லிவருகிறார். அதனால் ஒரு சண்டைக்குத் தயாராகவே விஷயத்தை அவிழ்த்தார்.

"தாராளமா கட்டுங்க," என்றாள் ஆர்டிஸ். "அதுக்கு ஆணி அடிக்கிற துப்பாக்கி, அதான் நெயில் கன், வேணுமே?"

ஒளிந்து ஒளிந்து நெயில் கன் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனைவி! இவளையா இத்தனை நாள் சந்தேகப்பட்டோம்!

டெல்மரின் இரும்புக் கடைக்கு ஆர்டிஸும் கூடவே வந்தாள். அங்கே ஹால்வர் பிரசங்கமே செய்தார். நெயில் கன் ஆணி பட்டையாகக் கோத்து, சாய்வாக வரும். அந்தச் சாய்வும் கன்னின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் சிக்கிக்கொள்ளும். இதையெல்லாம், பிறந்ததிலிருந்து ஆணி விற்கும் டெல்மருக்கே விளக்கினார்.

"ஆக, இருபத்தோரு டிகிரி கன், முழுத்தலை ஆணி!"

"அதைத்தான் அப்பவே எடுத்து வச்சேன் அண்ணே. நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க. ஆணி வழவழப்பா வேணுமா, வளையம் வச்சதா?"

"வழவழப்பு போதும்."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றாள் ஆர்டிஸ், ஒன்றும் அறியாத முகத்தோடு.

"வளையம் வச்சது மரத்தைக் கவ்விக்கும் அக்கா. பிடுங்கினா மரம்தான் பிய்யும். ஏன் அண்ணே, பின்னால எதையாவது பிரிக்கிற வேலை இருக்கா?"

"பிரிக்கிறதா? நான் அடிச்சதையா?"

"அதானே!" என்றாள் ஆர்டிஸ். "இவர் கைவேலைக்குப் போய் வழவழ ஆணியா?"

ஹால்வரின் மார்பு சட்டைப் பித்தானைச் சோதித்தது. வளைய ஆணிப் பெட்டிகள் வண்டியில் ஏறின.

"எங்க வச்சுக் கட்டப்போறீங்க?" என்று வழியில் கேட்டாள் ஆர்டிஸ்.

"கராஜ் பக்கத்துல."

"அங்க மேடும் பள்ளமுமா இருக்கே. வீடு கோணிக்காதா? எனக்கென்ன தெரியும், சும்மா கேட்டேன்."

யோசித்தார். சமமான மேடை வேண்டும். நெயில் கன்னுக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரஸருக்கு மின்சாரம் வேண்டும். பிளக் இருப்பது சமையலறைச் சுவரில். அதை ஒட்டியே மேடை போட்டார். ஆடக்கூடாதென்று சுவரோடு சேர்த்து அடித்தார். அதன்மேல் மீன் வீடு எழும்பியது. வெளிப்பக்கம் ஒரு கதவு. இன்னொரு கதவைச் சமையலறை வாசலைப் பார்த்து வைத்தது, காபி கொடுக்கச் சௌகரியம் என்று ஆர்டிஸ் சொன்னதால்.

ஒருநாள் ஏரிக்காற்று ஊளையிட்டது.

"ஏங்க, பறந்துடப்போகுது!"

"ஒரு பிடிப்புக்கு மேடையோட நாலு ஆணி அடிச்சா சரியாப்போகும்."

நெயில் கன் பிடித்த கைக்கு நாலில் நிறுத்தத் தெரியுமா? டப், டப், டப். பெட்டி காலியானபோதுதான் ஹால்வருக்குச் சுயநினைவு வந்தது.

ஏரி உறைந்தது. பியூலா பெட்டியோடு வந்து இறங்கினாள். ஹால்வர் உற்சாகமாக நண்பர் ஓர்லினையும் அவருடைய பிக்கப் வண்டியையும் வரவழைத்தார். கடப்பாரையால் நெம்பினார்கள்; பலகை பிய்ந்தது, ஆணி அசையவில்லை. சங்கிலி போட்டு இழுத்தார்கள். சமையலறை அலமாரியில் தட்டுகள் கடகடவென்று ஆடின.

ஆர்டிஸ் ஜன்னலைத் திறந்தாள். "ஏங்க, நம்ம வீட்டையும் சேர்த்தா ஏரிக்குக் கொண்டுபோறீங்க?"

சங்கிலி அறுந்தது. ஓர்லின் மீன் வீட்டைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"ஹால்வர், இது எங்கயும் வராதுப்பா. ஆனா ஒண்ணு சொல்லணும், வேலை பிரமாதம்." பிக்கப் போய்விட்டது.

ஹால்வர் தளர்ந்துபோய் மீன் வீட்டுக்குள் நுழைந்தார். சுவரில் கோட்டு மாட்டக் கொக்கிகள். கீழே பூட்ஸ் தட்டு. பியூலாவின் பூட்ஸ் முதலிடத்தில். உருகிய பனி, மீனுக்காக வெட்டிய ஓட்டை வழியாக ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது. முட்டாள்களுக்குப் போட்டி வைத்தால் தனக்குத்தான் கோப்பை என்று அவருக்குத் தோன்றியது. அதையும் பியூலாதான் வாங்கி வைத்துக்கொள்வாள்.

"பூட்ஸை அங்கயே கழட்டிட்டு வாங்க!" என்றாள் ஆர்டிஸ், சமையலறையிலிருந்து.

கழற்றினார்.

"ஆர்டிஸ், எல்லாம் நீ போட்ட திட்டம்தானே?"

"நல்லா இருக்கே! இதுல ஒரு ஆணியாவது நான் அடிச்சேனா, சொல்லுங்க?"