நீ கையெழுத்துப் போட வர வேண்டாம்

அன்புள்ள தம்பி பாக்கியசீலனுக்கு,

அக்காள் ஞானசௌந்தரி எழுதிக்கொள்வது. இங்கே கர்த்தருடைய கிருபையால் நானும், பேரன் சுஜினும், அவன் பெண்சாதி ஸ்டெபியும், நம் வீட்டு மட்டப்பாக் கூரையும் விழாமல் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் சுகம் அறிய ஆசை. உன் பெண்சாதி ஜெபராணியின் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியும்.

சுஜின் நம் வீட்டை வெளியூர்க்காரர் தங்குகிற விடுதியாக்கினதில், முதலில் தங்க வருகிறவர்கள் முகம் சுளித்துப் போனால், வீட்டை இடித்து மனை போடுகிறவனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று சென்னையிலிருந்து சொன்னாய் அல்லவா? பேனாவை மூடி வை. வந்தார்கள், இருந்தார்கள், போக மனசில்லாமல் போனார்கள்.

பன்னிரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. மச்சில் வௌவால், பட்டாசல் கூடத்தில் கரையான், கிணற்றுக்குள் அரசங்கன்று. பேட்டையிலிருந்து வந்த கொத்தனார் தாவூது மட்டப்பாவைக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அம்மா, இது காரையில நிக்கல, உங்க கோவத்துலதான் நிக்குது" என்றார். நல்ல மனுஷன், ஆனாலும் அடுப்பாங்கரை ஜன்னலைக் கோணலாக வைத்தார், அதை மறக்க மாட்டேன். எட்டு மாதம் வேலை நடந்தது. பெங்களூரிலிருந்து ஸ்ரீவிஷ்ணு, ஹம்ஸினி என்று புருஷன் பெண்சாதி, கொற்கை பார்க்கப் போகிற வழியில் ஒரே ஒரு நாள் தங்க வருகிறார்கள் என்றதும் சுஜின் என்னைக் கூப்பிட்டு, "ஆச்சி, அவிய இருக்குத வரைக்கும் நீங்க வாயத் தொறக்கப்பிடாது. சண்டைக் கதை ஒண்ணும் வேண்டாம்" என்றான். வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்ததுமே எல்லாம் கோணிப்போனது. குழாயைத் திறந்தால் தவளை முதலில் வந்தது, தண்ணீர் பிறகு. உட்கார்ந்ததும் கட்டில் கால் ஒன்று இறங்கியது. அவர்கள் சைவம் என்று சொல்லியிருந்தும் ஸ்டெபி அயிரைமீன் குழம்பு வைத்துவிட்டு அடுப்பாங்கரையில் நின்று அழுகிறாள். போச்சு வீடு என்று நினைத்தேன். அவளைத் தேற்ற வந்த ஹம்ஸினி, சும்மா பேச்சை மாற்றுவதற்காகச் சுவரில் இருந்த வெற்று ஆணியைக் காட்டி, "இங்க என்ன பாட்டி மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டது.

கேட்டால் சொல்லாமல் இருக்கலாமா? அம்மாவின் பித்தளை அச்சுமுறுக்கு அச்சு என்றேன். எண்பத்திரண்டாம் வருஷம், அம்மாவை அடக்கம் பண்ணின மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஜெபம் முடிந்து காப்பி கொடுக்கும்போது, என் தம்பி பெண்சாதி ஜெபராணி அதைச் சேலைக்குள் செருகிக்கொண்டு போனாள், பச்சைச் சேலை, மஞ்சள் கரை, எனக்கு ஒன்றும் மறக்காது என்றேன். சுஜின் கதவுக்குப் பின்னால் நின்று கையைக் கையை ஆட்டுகிறான். ஹம்ஸினி, "அப்புறம்?" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. உன் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் ரசம் வராதது வரைக்கும் சொல்லி முடிக்க மூன்று நாள் ஆனது. மோர்க்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டு கேட்டார்கள். கொற்கையை அவர்கள் பார்க்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்களோடு வருகிறோம், ஆறு அறையும் எங்களுக்கே வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். சுஜின் என் கையைப் பிடித்து, "ஆச்சி, இனிமே நீங்க வாய மூடப்பிடாது" என்றான். தம்பி, எட்டு மாதமாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வந்தது.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் கர்த்தர் குறைவில்லாமல் கொடுப்பாராக. ஜெபராணிக்குக் கொடுக்க வேண்டாம், அவளே எடுத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஞானசௌந்தரி

பின்குறிப்பு: ஒட்டின கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை மச்சிலிருந்து பழைய நெல் குலுக்கையைத் தாவூது இறக்கினார். அடியில் அச்சு இருந்தது. பச்சைச் சேலைத் துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது, மஞ்சள் கரை. சேலை என்னுடையது, முடிச்சும் என்னுடையது. ஜெபராணி எடுத்துவிடுவாள் என்று நானே ஒளித்தது இப்போது ஞாபகம் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு அவளைக் கூட்டி வா. முதல் முறுக்கு அவளுக்குத்தான். ஏன் என்று கேட்டால், தின்றுவிட்டுக் கேட்கச் சொல். ஆனால் விருந்தாளிகள் இருக்கிற வரைக்கும் அவள்தான் எடுத்தவள். வீடு நிற்க வேண்டாமா? வரும்போது பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை ஒன்று கட்டிக்கொண்டு வரச் சொல்.