நர்கிஸ் பூத்த வீடு

“கறியை வெளிய எடு. இதை உள்ள வை” என்றார் ஜியாவுல்லா. கையில் வெங்காயம் போல ஒரு கிழங்கு.

“ஃப்ரிட்ஜ்ல செடி வளர்க்கறது உங்க பரம்பரையிலதான் உண்டு” என்றாள் மனைவி ரஹமத்துன்னிசா.

எல்லாம் அவர் வாயால் வந்தது. பேத்தி சதஃபைப் பெண் பார்க்க வரவிருந்த கீழ்பென்னாத்தூர்க்காரர்கள், “வூட்டுப் பேரு நர்கிஸ் மன்ஸிலா?” என்று போனில் கேட்டார்கள்.

“ஆமாங்க. நர்கிஸ்னா பூ. அழகான கண்ணுக்கு உவமை சொல்றது. எங்கப்பா ரசனை அப்படி. வாசல்லயே பூத்துக் கிடக்கு, வந்து பாருங்க!”

அந்தப் பூவை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி கிழங்கைக் கொடுத்தாள். முதலில் நல்ல குளிர், பிறகு இளவேனில், அப்போதுதான் பூக்கும் என்றாள். திருவண்ணாமலையில் இரண்டுமே கிடையாது.

ஃப்ரிட்ஜில் முளைவிட்டது. தொட்டியில் நட்டு வாசலில் வைத்தார். மதியத்துக்குள் வெயிலில் துவண்டது. ஏ.சி. அறைக்கு மாற்றினார். கணவனும் மனைவியும் கூடத்தில் பாய் விரித்தார்கள்.

“எனக்கு இருபத்தாறுக்குக் கீழ வைக்க விட்டதில்ல. செடிக்குப் பதினாறா?”

“இது குடும்ப மானம்டி.”

மொட்டு விட்ட அன்று கரண்ட் போனது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மீன்கடை முபினிடம் ஓடினார். அவன் ஐஸ் பெட்டியில், வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவே, நர்கிஸ் கண் திறந்தது.

விருந்தாளிகள் வரும் நாளில் வாசலில் பூ இருந்தது. பக்கத்திலேயே தெருப் பூனையும் இருந்தது. மீன் வாடை போக அத்தர் தெளித்தார். பூனை தும்மியதே தவிர நகரவில்லை.

“தொட்டியை உள்ள வச்சிடுங்க தாத்தா, மானம் போவுது” என்று கெஞ்சினாள் சதஃப்.

“முடியாது. அவங்க பார்த்தே ஆவணும்.”

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பூனைக்கு ஒரு குச்சியுடன், தொட்டிக்குக் காவலாக விறைத்து நின்றார்.

வேன் வந்தது. முதலில் இறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பா பூவைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டின் பெயர்ப்பலகையையே பார்த்து நின்றார். அவர் கண் கலங்கியது.

“பூ இங்க இருக்குதுங்க” என்றார் ஜியாவுல்லா.

பெரியவர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

“நம்ம சம்பந்தம் இன்னிக்கு நேத்தா பாய்? எங்க வூட்டு நர்கிஸைப் புடிச்சினு வந்து, அது பாலை வித்துத்தானே உங்கப்பா இந்த வூட்டையே கட்டினாரு! அந்த மாதிரி எருமை அப்புறம் இந்த ஜில்லாவுலயே பொறக்கல!”