பேனைப் பிடி மகளே

மகளுக்கு முதல் பல் முளைத்த அன்றுதான் சோதிலிங்கத்துக்கு மூளையும் முளைத்தது. அப்படித்தான் அவர் நம்பினார்.

அதற்கு முன் சில மாதங்களாக வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எழுபத்தேழு ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு கண்டியில் இருந்தது போதும் என்பதில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் வேறுபாடு இல்லை. கலவரம் வந்தபோது கட்டுக்கலையில் இருந்த அந்த வாடகை வீட்டின் பின்மதிலில் ஏறி, பக்கத்து வீட்டு லொறிக்கார ஹலீம் நானாவின் சாமான் அறைக்குள் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மூன்று நாள் ஒளித்திருந்தார்கள். ஏறினார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். எட்டு மாத வயிற்றோடு லீலாதேவிதான் முதலில் ஏறினாள். ஏறி, மதிலில் இருந்துகொண்டு, கீழே வேட்டியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்ற கணவனுக்குக் கை கொடுத்தாள்.

இன்னொரு கலவரம் வந்தால் கைக்குழந்தையையும் கணவனையும் சேர்த்துத் தூக்க அவளால் ஏலாது. ஆகவே இடம் மாறத்தான் வேண்டும். சோதிலிங்கத்தின் கந்தோரில் பெரியவர் நல்ல மனிதர். யாழ்ப்பாணமா, திருகோணமலையா, எது வேண்டுமோ சொல்லுங்கள், மாற்றம் தருகிறேன் என்றுவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது. ஓர் ஊரை மட்டும் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சோதிலிங்கத்துக்கு யாழ்ப்பாணம்தான், அதிலும் கரவெட்டி. அங்கே அவருக்கு மூன்று அக்காமார். அவர்களுக்கு அவர் ஒரே தம்பி. முதல் தோசை அவருக்கு, மீன் தலை அவருக்கு. அவர் வாயைத் திறந்தால் மூன்று தலைகள் ஆடும். உலகத்தில் வேறு எந்த இடத்திலும் அவர் பேச்சுக்கு ஒரு தலைகூட ஆடியதில்லை.

லீலாதேவிக்குத் திருகோணமலை. சீதன வீடு அங்கே. பிள்ளையைக் குளிப்பாட்ட, எண்ணெய் தேய்க்கத் தாய் அங்கே. அடுத்த வளவில் தகப்பன். அந்தத் தகப்பன்தான் சோதிலிங்கத்தின் பிரச்சினை. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான். மாப்பிள்ளை சாப்பிடப் பிந்தி வந்தால், ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கத்தக்கதாக, "இண்டைக்கும் லேட்" என்று அறிவிப்பார். அவருக்குப் பக்கத்தில் சீவிப்பதைவிட வெங்காய மூட்டைகளோடு சீவிக்கலாம் என்று சோதிலிங்கம் பலமுறை நினைத்ததுண்டு. சொன்னதில்லை.

சொல்வதில்தான் அவருக்குச் சிக்கல். கந்தோரிலிருந்து புறப்படும்போது கரவெட்டி என்று உறுதியாக இருப்பார். குளக்கரையால் நடந்து வரும்போது உறுதி இன்னும் கூடும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உறுதியும் சேர்ந்து கழன்றுவிடும்.

அப்படியிருக்கையில்தான் ஒருநாள், மகள் தர்சினிக்கு மாக்கூழ் தீத்தும்போது கரண்டி பல்லில் பட்டு டிங் என்றது. லீலாதேவி முகம் மலர்ந்து, பல்லுக்கொழுக்கட்டைக்கு நாள் பார்க்க வேண்டும் என்றாள். சோதிலிங்கத்தின் தலைக்குள்ளும் ஏதோ டிங் என்றது.

பல்லுக்கொழுக்கட்டை என்றால் தெரியும்தானே. முதல் பல் வந்த பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்திய கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். முன்னால் ஒரு தட்டத்தில் புத்தகம், பேனை, நகை, நெல், கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும். பிள்ளை முதலில் எதைத் தொட்டு எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். சோதிலிங்கம் அந்தக் காலத்தில் கத்தரிக்கோலை எடுத்தாராம். இன்றுவரை ஒருவரோடும் வெட்டிப் பேசியதில்லை.

"இஞ்சாரும் லீலா," என்றார். "எங்கை போறதெண்டு பிள்ளையே சொல்லட்டும். பேனையோ புத்தகமோ எடுத்தால் யாழ்ப்பாணம். படிப்புக்கு யாழ்ப்பாணம்தானே. வேறை எதை எடுத்தாலும் திருகோணமலை."

லீலாதேவி பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "வேறை எதை எடுத்தாலும்?"

"எதை எடுத்தாலும். சொன்ன சொல்லு மாறமாட்டன்."

"சரி," என்றாள்.

குறைந்தது மூன்று நாள் வாதாட வேண்டியிருக்கும் என்று நினைத்து அவர் நியாயங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவ்வளவும் வீணாய்ப் போயிற்று. வேறு புருசன் என்றால் அந்தச் சுருக்கமான 'சரி'யைக் கேட்டுக் கொஞ்சம் பயந்திருப்பான். சோதிலிங்கம் அதைத் தன் பேச்சுத் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. பின்னேரத்தில் லீலாதேவி பின்பக்கக் குழாயடியில் பிள்ளையின் துணிகளைத் துவைக்கப் போவாள். அவள் முதல் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்டதும் இவர் தர்சினிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருப்பார். சேட்டுப் பொக்கற்றிலிருந்து தன் சிவப்புப் பேனையை எடுப்பார். அதன் அடிப்பக்கத்தை இனிக்கும் கித்துள் பாணியில் தோய்ப்பார். பிறகு பிள்ளைக்கு முன் ஆட்டிக்கொண்டு, "பேனைப் பிடி. பேனைப் பிடி மகளே," என்பார்.

முதல் நாள் தர்சினி அவரை மேலதிகாரி பார்ப்பதுபோலப் பார்த்தாள். இரண்டாம் நாள் ருசி தெரிந்தது. அடுத்த கிழமை, அவர் கந்தோரால் வந்து இருந்ததும் இருக்காததுமாய்ப் பாய்ந்து தவழ்ந்து வந்து, மடியில் ஏறி, பொக்கற்றையே பிடித்து இழுக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். பிள்ளை தன்னைப்போலவே கெட்டிக்காரி என்று சோதிலிங்கம் பூரித்துப்போனார்.

ஒரு குறை. அந்த வீட்டுக்கும் ஹலீம் நானா வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அதுவும் பலகைச் சுவர்.

பயிற்சி நல்லபடி நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள் அவர் கந்தோரால் வந்தபோது, ஹலீம் நானாவின் மனைவி றம்லத் முன்னறைக் கதிரையில் இருந்தாள். மடியில் தர்சினி. கையில் பேன் சீப்பு. பக்கத்தில் ஒரு போத்தல் வேப்பெண்ணெய். தர்சினியின் தலையில் இருந்த முடிக்கு அந்தச் சீப்பு மிகப் பெரிது.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி," என்று அவள் லீலாதேவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒங்கட மாப்புள்ளதான் அந்தியானா செவருக்கு இந்தப் பக்கம் நிண்டு 'பேனைப் பிடி, பேனைப் பிடி'ண்டு புள்ளைக்கே செல்லிக்குடுக்காரு. பாவம், பச்சப் புள்ள, அது எப்பிடிப் புடிக்கும்? நான் வந்து புடிச்சித் தாறன்."

றம்லத்துக்கு எழுதுவது பேனா, கடிப்பது பேன். சோதிலிங்கத்தின் ஊரில் எழுதுவதும் பேனைதான். திருகோணமலையிலும் அது பேனைதான் என்பதை அவர் அந்த நேரம் யோசிக்கவில்லை. யோசிக்க எங்கே நேரம்? லீலாதேவி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"என்ன பேன்?" என்று கேட்டாள்.

அது பேன் இல்லை, பேனை என்றால் குட்டு உடையும். கரவெட்டி கைநழுவும். ஸ்டேஷன் மாஸ்டர் கண்முன் வந்து நின்றார். சோதிலிங்கம் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தார்.

"பேன்தான். என்ரை தலையிலை. பிள்ளையின்ரை இல்லை."

"உங்கடை தலையிலை பேன். அதைப் பிள்ளை பிடிக்க வேணுமோ?"

"சும்மா ஒரு விளையாட்டுக்கு."

லீலாதேவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவரை இருக்கச் சொன்னாள். றம்லத் போத்தலைத் திறந்தாள். வேப்பெண்ணெய் உச்சியிலிருந்து வழிந்து காதுக்குள் இறங்கியது. இரண்டு பெண்களும் இரண்டு பக்கமாக நின்று அவர் தலையை வகிர்ந்தார்கள். இல்லாத பேனுக்காக இப்படி இருக்க வேண்டியிருக்கிறதே என்று அவர் மனதுக்குள் நொந்துகொண்டிருக்கையில், "இந்தா ஒண்டு," என்றாள் லீலாதேவி. இரண்டு பெருவிரல் நகங்களையும் சேர்த்து நசுக்கினாள். டிக் என்றது.

"இந்தா இன்னொண்டு. கொழுத்தது." டிக்.

அவள் நசுக்க நசுக்கச் சோதிலிங்கத்துக்குத் தலை கடிக்கத் தொடங்கியது. உண்மையிலேயே இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மறுநாள் கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் தன் மேசையைச் சன்னலோரம் தள்ளிப் போட்டார். ஆனாலும் சோதிலிங்கம் தளரவில்லை. மனிசி பேனை நம்பிவிட்டாள், பேனையைச் சந்தேகிக்கவில்லை. அவருக்கு அது போதும். பயிற்சியை மட்டும் வாய் திறக்காமல், சைகையால் தொடர்ந்தார்.

நல்ல நாள் வந்தது. கந்தோரிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. கொழுக்கட்டை கொட்ட மாமி முறைக்கு ஆளில்லை என்று லீலாதேவி றம்லத்தையே மாமி ஆக்கிவிட்டாள். சோதிலிங்கத்தின் வெள்ளைச் சேட்டை அவளே இஸ்திரி போட்டு மினுக்கி, அவளே கொண்டுவந்து போட்டுவிட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு கவனிப்பு அவருக்குக் கிடைத்ததே இல்லை.

"உங்கடை பேனையைத் தாங்கோ. தட்டத்திலை வைக்க வேறை பேனை இல்லை," என்றாள்.

அவர் நெஞ்சு குளிர எடுத்துக் கொடுத்தார். தட்டம் வந்தபோது பேனை சவர்க்காரம் போட்டுக் கழுவியதுபோல மினுங்கியது. அது நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார்.

"நீங்கள் தட்டத்துக்கு அங்காலை, பிள்ளைக்கு நேரை இருங்கோ. தேப்பனைக் கண்டால் பிள்ளை பயப்பிடாது."

அதுவும் சரிதானே. அவர் போய் இருந்தார்.

றம்லத் கொழுக்கட்டையைக் கொட்டினாள். வெள்ளைத் துணியிலிருந்து அவை நாலு பக்கமும் உருண்டன. தர்சினி ஒருமுறை தலையைச் சிலுப்பினாள். தட்டத்தைப் பார்த்தாள். தவழ்ந்து வந்து பேனையில் கை வைத்தாள். சோதிலிங்கத்தின் கண்ணில் கரவெட்டி தெரிந்தது. மூன்று அக்காமாரின் தலைகளும் ஆடின.

பிள்ளை பேனையை வாயில் வைத்துப் பார்க்கக்கூட எடுக்கவில்லை. வழியில் கிடந்த தடியைத் தள்ளுவதுபோல ஒரு பக்கம் தள்ளினாள். நிமிர்ந்து தகப்பனைக் கண்டாள். புத்தகத்துக்கு மேலால், நெல்லைச் சிதறடித்து, சங்கிலியை முழங்காலால் மிதித்து நேரே வந்தாள். அவர் மடியில் ஏறினாள். பொக்கற்றுக்குள் கையை விட்டாள். ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை எடுத்து, அந்த ஒற்றைப் பல்லால் கரும்பத் தொடங்கினாள்.

சபை கைதட்டியது. "வாப்பாவத்தான் புடிச்சிருக்கு புள்ளைக்கு," என்றாள் றம்லத்.

சோதிலிங்கம் கருப்பட்டியைப் பார்த்தார். பொக்கற்றைப் பார்த்தார். மினுக்கிப் போட்டுவிட்ட மனிசியைப் பார்த்தார். அவள் தரையில் கிடந்த கொழுக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இதை ஆர் வைத்தது என்று கேட்கலாம். கேட்டால், பிள்ளை ஏன் பொக்கற்றைத் தேடிப் பழகியது என்று அவள் கேட்பாள். அவர் வாயை மூடி, வேறு வாசல் தேடினார்.

"இது கணக்கில்லை லீலா. பிள்ளை தட்டத்திலை ஒண்டும் எடுக்கேல்லை."

"ஓம். உங்களைத்தான் எடுத்தது."

"அதுதான் சொல்லுறன்..."

"நீங்கள் பேனையோ?"

"இல்லை."

"புத்தகமோ?"

"இல்லை."

"அப்ப வேறைதானே," என்றாள் லீலாதேவி.

அவர் மறுபேச்சுத் தேடினார். அதற்குள் தர்சினி கருப்பட்டி வாயை அவருடைய வெள்ளைச் சேட்டில் துடைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். அக்காமார் அவருக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் நெல்லையும் பொன்னையும் மிதித்துக்கொண்டு இதுவரை ஒருவரும் அவரிடம் வந்ததில்லை. கருப்பட்டிக்காக வந்தால்தான் என்ன? அந்தப் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவரால் வழக்காட முடியவில்லை. சரி, திருகோணமலை என்றார். சொல்லும்போது குரல் உறுதியாகவே இருந்தது. கடைசி முடிவைச் சொன்னது ஆம்பிளைதான் என்று சபை அறிந்துகொள்ளட்டும்.

அந்த உறுதி ஆறுவதற்குள் சாமான் ஏற்ற வாகனம் பேசிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்குப் போனார். ஹலீம் நானா முற்றத்தில் லொறிச் சில்லுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, நாங்கள் திருகோணமலைக்குப் போறதெண்டு நான் முடிவெடுத்திட்டன். லொறி வேணும்."

"அதெல்லாம் சரி தம்பி. திரும்பி வரக்கொள்ள ஏத்த அங்க கருவாடும் செல்லி வெச்சாச்சு," என்றார் நானா, சில்லிலிருந்து தலையை எடுக்காமல். "ஒங்கட புள்ளைக்குப் பல்லு மொளச்ச அண்டைக்கே தங்கச்சி வந்து பேசிட்டுப் போனாங்களே."