எறும்பு அரிக்காத ஆம்ப்ளிபயர்

கடைக்குப் போகிறவர்கள் ஒரு சாமானைக் காட்டி, இது என்ன செய்யும் என்று கேட்பார்கள். நான் அது என்னென்ன செய்யாது என்று கேட்பேன். கத்தியென்றால் கையை வெட்டாதே? குடையென்றால் இடியை இழுக்காதே? இப்படி விசாரித்து வாங்கிய கத்தி கையை வெட்டியதில்லைதான். கத்தரிக்காயையும் வெட்டியதில்லை. இந்தப் புத்தியோடு ஒரு கித்தார் ஆம்ப்ளிபயர் வாங்கப் போனவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மீதியை என் சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அவர்கள் கூட்டிச் சேர்த்ததைக் கழித்து, நடந்ததை மட்டும் ஒருமுறை எழுதிவைத்துவிடலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா ஆனபோது நான் தமிழ்ப்பள்ளியில் காகிதக் கொடியோடு வரிசையில் நின்ற பொடியன். எல்லாரும் கொடியை ஆட்டினார்கள். பக்கத்துப் பையனின் கொடிக்குச்சி என் கண்ணில் குத்திவிடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். (சுதந்திரத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.) ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு பஸ் கம்பெனியில் டயர் மாற்றுகிற வேலை. மெர்டேக்கா ஆகிப் பத்து வருஷம் கழிந்தபோது மலாக்காவில் தெருவுக்கு ஒரு கித்தார் குழு முளைத்திருந்தது. காஜா பெராங்கில் எங்கள் குழு நான்கு பேர். அதில் நான் கித்தார், ராஜா மேளம்.

ராஜா செட்டிக் கம்பத்துப் பையன். பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாக்காவோடு கலந்துவிட்ட குடும்பம். தமிழ் பேச வராது, வீட்டிலும் வெளியிலும் அவர்களுடைய மலாய்தான். ஆனால் என்னைவிட ஒழுங்காகக் கோயிலுக்குப் போவான். எனக்குப் பத்து யோசனை வருகிற நேரத்தில் அவனுக்கு ஒன்றுகூட வராது. அதனால்தான் நண்பர்களாக இருந்தோம் என்று நினைக்கிறேன்.

ஆம்ப் வாங்குகிற வரைக்கும் என் கித்தார் வயரை ராஜா வீட்டு ரேடியோவின் முதுகில் செருகித்தான் பழகினோம். ஈரக்காலோடு தொட்டால் ரேடியோ சுரீரென்று அடிக்கும். செய்தி நேரம் வந்தால் அவன் அப்பா வயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிடுவார். பிறந்தநாள், நிச்சயம் என்று சின்னச் சின்ன விசேஷங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்ததும், சொந்தமாக ஒரு ஆம்ப் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. தேர்ந்தெடுக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் ஜாக்கிரதையான ஆளாம்.

பட்டணத்து ரேடியோ கடைக்கு நான்கு சனிக்கிழமை தொடர்ந்து போனேன். அங்கே மூன்று ஆம்ப் இருந்தன. ஒன்று பழைய வால்வு வகை. உள்ளே கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியும், சூடாகிற வரை காத்திருக்க வேண்டும். அப்படி ஒன்றோடு மைக்கைச் சேர்த்துப் பாடிய ஒருவரின் உதட்டில் கரண்ட் அடித்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதன் பக்கமே போகவில்லை. மற்ற இரண்டும் புதிதாக வந்திருந்த டிரான்சிஸ்டர் வகை. குழல் கிடையாது, போட்டவுடன் பேசும், சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலும் உள்ளே எதுவும் உடையாது. ஒன்று பெரியது, இரண்டு ஸ்பீக்கர். இன்னொன்று பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் பெரிசு.

நான் சின்னதைப் போடச் சொல்லி, அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். சூடாகவில்லை. மழைச்சாரல் பட்டால் என்ன ஆகும், இடி இடித்தால் என்ன ஆகும் என்று கடை முதலாளி தவுக்கேயிடம் மலாயில் கேட்டேன். நாலாவது வாரம் உள்ளே எறும்பு போனால் என்ன ஆகும் என்று கேட்டபோது, அந்த மனிதர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“தம்பி, எறும்பு இதை அரிக்காது. நீ அரிக்கிற அரிப்புக்கு என் கடைதான் மிச்சமிருக்காது.”

ஆம்போடு வந்த சிறு புத்தகத்தில் வாட் என்று எண் போட்டிருந்தது. இங்கிலீஷ் படிக்க வராவிட்டாலும் வாட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் (என்று நினைத்தேன்). வீட்டு பல்பில் வாட் கூடினால் கையைச் சுடும். ஆக, வாட் கூடினால் ஆபத்து கூடும். பெரிய ஆம்பில் சின்னதைப்போல நான்கு மடங்கு ஆபத்து எழுதியிருந்தது. கணக்கு முடிந்தது.

ராஜா மட்டும், சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கு என்றான். நியாயமான பேச்சு. ஆனால் கடையின் பின்பக்கத்தில் தவுக்கேயின் வயசான தகப்பனார் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் திடுக்கிட்டு எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? சத்தக் குமிழை ஒன்றில் வைத்து, ஒரு தந்தியை விரல் நுனியால் தடவினேன். கூரை தாழ்ந்த சின்னக் கடை, கணீரென்று கேட்டது. போதும் என்றேன். வாங்கி சைக்கிளில் கட்டி, விழுந்துவிடுமோ என்ற பயத்தில் காஜா பெராங் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வீட்டிலும் அப்பாவுக்குப் பயந்து குமிழ் ஒன்றைத் தாண்டவில்லை. அந்த ஆம்பின் முழுச்சத்தம் எப்படியிருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாமலே மூன்று மாதம் போயிற்று. அக்கா கல்யாணமும் வந்தது.

மாப்பிள்ளை வீடு புக்கிட் பாரு. மாப்பிள்ளையின் அப்பா தண்ணீர் இலாகாவில் ஓவர்சியர். தரைக்கடியில் எங்கே குழாய் கசிகிறது என்று இரும்புக் கம்பியை ஊன்றி, அதில் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காக வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இலாகாவில் அவருக்கு மரியாதை. எதையும் தானே போய்க் காது கொடுத்துக் கேட்டால்தான் நம்புவார். கித்தார்ப் பையன்கள் என்றால் அவருக்கு ஆகாது, இசைத்தட்டே போதும் என்றார். அக்காதான் பிடிவாதமாக, பந்தலுக்குள் தான் நடந்து வரும்போது தம்பி ஒரே ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்றாள். அவள் கல்யாணத்துக்குக் கேட்டது அது ஒன்றுதான். நகைகூடக் கேட்கவில்லை.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவாரென்று பார்த்தேன். திட்டவில்லை.

“டேய் மணியம். ஏதாவது கோணலாச்சுன்னா நீ இங்கதான் இருப்ப. அவதான் அங்க போயி இருக்கணும். அதை மட்டும் நெனச்சுக்க.”

அதை மட்டும்தான் நினைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஆம்புக்கு ஒரு பூசை போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆயுத பூசைக்கு டிப்போவில் பஸ்ஸுக்கே பொட்டு வைக்கிறோம், ஆம்புக்கு என்ன குறைச்சல்? அம்மா அளவாக ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள். பயந்தவனுக்கு அளவு ஏது. கல்யாணத்துக்கு அரைத்து வைத்திருந்த சந்தனத்தில் ஒரு கிண்ணம் எடுத்து, ஐந்து குமிழுக்கும் கெட்டியாக அப்பினேன். மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். தெளித்த பிறகுதான், ஈரத்தில் கரண்ட் அடிக்குமே என்று நினைவு வந்தது. உடனே ஆம்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூண்டின் மேல் வைத்து, சாயங்காலம் வரை வெயிலில் காய வைத்தேன். பக்கத்திலேயே காவலும் இருந்தேன்.

மறுநாள் காலை கோயிலில் தாலிகட்டு முடிந்து, எங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் சாப்பாடு. ஜனம் நிறைந்துவிட்டது. பந்தலுக்கு மேலே தகரம், பக்கவாட்டில் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் அண்டா உருட்டுகிற சத்தம், ஒரு பக்கம் குழந்தைகள். அக்காவும் மாப்பிள்ளையும் பந்தல் வாசலில் வந்து நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

எனக்கே கேட்கவில்லை.

அக்கா பாட்டுக்காகக் காத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். முன்வரிசையில் ஒரு பெரியம்மா, பையன் இன்னும் சுதி சேர்க்கிறான் போல என்று பக்கத்திலிருந்தவளுக்குச் சமாதானம் சொன்னாள். நான் குனிந்து சத்தக் குமிழைத் திருகினேன். அசையவில்லை. ஐந்து குமிழையும் திருகினேன். ஒன்றும் அசையவில்லை. குமிழுக்கும் பலகைக்கும் நடுவே இறங்கிய சந்தனம் ஒருநாள் வெயிலில் சிமெண்டாகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகியதில் ஆம்பே நகர்ந்ததே தவிர குமிழ் நகரவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது சம்பந்தி எழுந்தார். வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு. நேராக எங்களிடம் வந்து, தம்பி, இது வேலை செய்யுதா இல்லையா என்று கேட்டார். செய்யுது மாமா, கேட்கத்தான் இல்லை என்று நான் சொன்னேன். (இதைவிட நல்ல பதில் இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.) வாசி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, அவர் வேட்டியை மடித்துக் குத்தவைத்து உட்கார்ந்து, குழாய்க் கசிவு பார்க்கிறதைப்போலவே இடது காதை ஸ்பீக்கர் துணியோடு ஒட்டி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பயபக்தியோடு எல்லாத் தந்தியையும் சேர்த்து ஒரே தட்டாகத் தட்டினேன்.

அதே நேரத்தில், ஆம்புக்குப் பின்னால் இருந்த ராஜா எனக்கு உதவி செய்தான். மேளத்துக்கு மரை முடுக்குகிற இடுக்கியை எடுத்து, மேலிருந்து எட்டிச் சத்தக் குமிழைக் கவ்வி, அவனுக்கே உரிய யோசனையில்லாத பலத்தோடு ஒரு திருகு திருகினான். சந்தனம் படக்கென்று உடைந்தது. குமிழ் ஒன்றிலிருந்து பத்துக்குப் போயிற்று.

பந்தலுக்குப் பற்றாத ஆம்ப் ஒரு காதுக்குத் தாராளமாகப் பற்றும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சம்பந்தி கத்தவில்லை. விழவும் இல்லை. மெதுவாக எழுந்து நின்று, சுற்றியிருந்தவர்களின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் மனைவி ஓடிவந்து, என்னங்க, காது கேக்குதா என்று உலுக்கினார்.

“சாப்பாட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கும்” என்று அவர் பந்தல் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

நான் கித்தாரோடு அவர் காலில் விழுந்தேன். மாமா, மன்னிச்சிருங்க, எங்கக்காவை ஒன்னும் சொல்லிராதீங்க என்று அழுதேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பையன் ஆசீர்வாதம் வாங்குகிறான் என்று நினைத்து, தலையில் கைவைத்து, சீக்கிரம் உனக்கும் நடக்கணும் என்று வாழ்த்தினார். அக்கா பாட்டில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு மேடைக்கு நடந்து போனாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. சம்பந்தியம்மா யாரிடமோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

“வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே என் புருஷன் காதை வாங்கிட்டாங்க.”

அடுத்த மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத மாட்டேன். இப்போது நினைத்தாலும் களைப்பாக இருக்கிறது. அந்தக் காது போய்விட்டால் அவர் வேலை போய்விடும், வேலை போனால் அக்காவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவள் வீட்டோடு இருப்பாள், அப்பா என்னோடு பேசமாட்டார். எல்லாவற்றையும் வரிசையாக நினைத்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து நினைத்தேன்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு அக்கா வந்தாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கதவுக்கு வெளியே நின்று அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

“வெளிய வாடா. ஒன்னும் ஆகல. மாமாவுக்கு வலது காது கேக்குது. மாமி எப்பவும் அவருக்கு இடது பக்கம்தான் உக்காருவாங்க. காலையிலேருந்து என்னைப் பத்திக் குத்தம் சொல்றாங்க, அவரும் தலையை ஆட்டுறாரு. நான் சோறு போடறப்ப வலது பக்கம் நின்னு பேசறேன். அந்த வீட்டுல நான் பேசறது மட்டும்தான் அவருக்குக் கேக்குது.”

நான் தாழைத் திறந்தேன்.

பத்து நாளில் காது சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இலாகாவில் மாமா முன்னைப்போலவே கசிவு கண்டுபிடித்தார். ஆனால் வீட்டில் மட்டும் இடது காது மந்தம் என்றே சாகும்வரை சாதித்தார். மாமி ஏதாவது ஆரம்பித்தால் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். முக்கியமான பேச்சென்றால், மருமகளைக் கூப்பிடு என்பார். அக்கா அந்த வீட்டில் முப்பது வருஷம் ராணியாக இருந்தாள். மாமிக்கு விஷயம் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

ஆம்பை ராஜா எடுத்துக்கொண்டான். வீட்டுக்குள் பழகுவதற்கு அது நல்ல ஆம்ப் என்று சொல்வான், பொய்யில்லை. பந்தலில் வாசிக்கிறவர்கள் பெரியதை வாங்குங்கள், வாங்குமுன் கடையிலேயே முழுச்சத்தம் வைத்துப் பாருங்கள், தூங்குகிறவர் எழுந்தால் எழட்டும். எனக்குத் தெரிந்த சங்கீத ஞானம் இவ்வளவுதான். பிறகு நான் கித்தாரைத் தொடவில்லை.

ஆனாலும் புக்கிட் பாருவில் இன்றுவரை நான்தான் பெரிய வாத்தியக்காரன். யாராவது ஒரு பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள விரும்பாவிட்டால், இடது காதைப் பொத்திக்கொண்டு, “மணியம் மாமா வாசிக்கிறாரு” என்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படச் சொன்னால் பிள்ளைகள் சொல்கிறார்கள். மருந்து சாப்பிடச் சொன்னால் அக்காவே சொல்கிறாள். போன வாரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. குடை எடுத்துக்கொண்டு போ, மரத்தடியில் நிற்காதே, மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டு என்று அக்காவின் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே கையை இடது காதுக்குக் கொண்டுபோனான்.

வாழ்நாளில் நான் சபையில் தட்டியது ஒரே ஒரு தட்டு. அதைத்தான் ஐம்பது வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறேனாம்.