காய்ச்சலில் பதிவான தனி ஆல்பம்

குழுவில் வாசிக்கிற எவனுக்கும் ஒரு நாள், மற்றவர்களின் சத்தத்தில் தன் திறமை அமுங்கிப்போகிறது என்று தோன்றிவிடும். எனக்கு இருபத்திரண்டு வயதில் தோன்றியது. (திறமை என்று நான் சொன்னது, ஆம்ப்ளிபயரை முழுக்கத் திருப்பிவைப்பதை.)

எழுபதுகளில் தூத்துக்குடி கல்யாண வீடுகளில் வாசித்த எங்கள் ராக் குழுவில் நான் கித்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து என் நண்பனான ராயப்பன் டிரம்ஸ். பாடவும் பேஸ் கித்தாருக்கும் இன்னும் இருவர். துறைமுகத்துக்கு வந்திருந்த கப்பல் இன்ஜினியர் ஒருவர் தமது டேப் ரிக்கார்டரை ஒரு பகல் மட்டும் இரவல் தந்தார். நான் மட்டுமே வாசிக்கும் ஆல்பம் ஒன்றைப் பதிந்து சென்னைக்கு அனுப்பினால், இசைத்தட்டுக் கம்பெனி தந்தி அடித்துக் கூப்பிடும் என்று நம்பினேன். அன்று குழுவுக்கு ஒத்திகை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். உண்மை தெரிந்தால் ராயப்பன் என் முகத்திலேயே விழிக்க மாட்டான்.

ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். அம்மி அரைக்கக் கூடாது என்று அம்மாவிடம் கெஞ்சினேன். வாசித்தேன். என் சொந்த மெட்டு உச்சத்துக்கு ஏறும்போது மாதா கோயிலில் நடுப்பகல் மணி அடித்தது. எங்கள் கடற்கரையில் அந்த மணிக்கு வலை இழுப்பவரும் நின்று, மாதாவுக்கு மூவேளையும் உரிய திரிகாலச் செபத்தைச் சொல்வார். என் கை தானாகக் கம்பியை விட்டுச் சிலுவை போட்டது. (டேப்பை நிறுத்தலாம் என்ற யோசனை அந்தக் கைக்கு வரவில்லை.) அடுப்படியிலிருந்து அம்மா முதல் பாதியைச் சொன்னாள். மறுபாதியை நான் சொல்ல வேண்டும். சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே மூன்று ஆண் குரல்களும் கூடவே சொல்லின.

செபத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. வியர்த்துக்கொண்டே ஆமென் வரை போனேன்.

“செபம் சொன்ன புள்ளைகளா, ஏன் வெளிய நிக்கிய? உள்ள வாங்க” என்றாள் அம்மா.

போர்வையை விலக்கினேன். சுவரோரம் முழுக் குழுவும் நின்றது. ராயப்பன் கக்கத்தில் நோயாளிக்கான பன்னும் ஆரஞ்சும்.

“ஏலே, காய்ச்சல் எப்படி இருக்கு?”

“இப்பம் கொஞ்சம் தேவல.”

“நல்லாத்தான் வாசிக்குது ஒன் காய்ச்சல்.”

“எப்பம் வந்தீய?”

“மொதப் பாட்டுலயே. இவனுவ போயிருவோம்னானுவ. நாந்தான் இருங்கலே, கேப்போம்னேன்.” உள்ளங்கைகளைக் காட்டினான். மணல் பதிந்து சிவந்திருந்தன. “தாளம் தட்டிரக் கூடாதுன்னு கைமேலயே உக்காந்துட்டேன். சத்தம் டேப்புல விழுந்தா ஒனக்குல்லா கெட்டுப்போகும்.”

அவன் ஒரு பன்னைப் பிய்த்து என் வாயில் திணித்தான்.

டேப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆல்பத்தின் கடைசி உருப்படி, நால்வர் பன் தின்னும் சத்தம். சாயங்காலம் கருவியோடு கப்பல் போய்விட்டது, மறுபதிவுக்கு வழியில்லை. பிறகு டேப்பை வேறொரு கருவியில் போட்டுக் கேட்டோம். அதில் தாளம் தப்பாமல் இருந்தது செபம் மட்டும்தான். சென்னைக்கு அனுப்பவில்லை. அடுத்த வாரக் கல்யாணத்தில் ராயப்பனுக்கு முன்னால் என் வழக்கமான இடத்தில் நின்றேன்.

பின்னாளில் அவன் தங்கையைத்தான் கட்டினேன். கடைக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டினால், இன்றும் அவள் உள்ளேயிருந்து கேட்பாள்: “தனியாவா? அப்பம் நாலு பேருக்குக் காப்பி போடுதேன்.”