முடக்கப்பட்ட தளத்தில் எங்கள் அப்பாவின் கல்யாணம்

வீட்டில் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால், அந்தப் பெயர் லேசில் போகாது. டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா, கூப்பிடு அந்த ஆளை. கேஸ் புக் பண்ண, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய, சித்தியின் போனில் தானாகப் பெரிதாகிவிட்ட எழுத்தைச் சின்னதாக்க, எல்லாவற்றுக்கும் அதே ஆள்தான். கீழ்வேளூரில் எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். படித்தது பி.காம். (பின்னால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று ஒரு வால் உண்டு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை அலட்டலும்.)

இந்தப் பெயரில் ஒரு ஆபத்து, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் பழக்கமே நமக்கு விட்டுப்போகும். எனக்கு அது முழுசாக விட்டுப்போனது அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில்.

அப்பா வைகாசியில் பிறந்தவர். விவசாயிக்குத் தோதான மாதம். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்க மாட்டார்கள், வயல் சும்மா கிடக்கும், சொந்தக்காரர்களும் சும்மா இருப்பார்கள். திருக்கடையூரில் கோயிலுக்குப் பக்கத்திலேயே மண்டபம் கிடைத்துவிட்டது. ஒரே குறை, என் அண்ணன் பாலு. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் நின்று நடத்திவைக்கிற கல்யாணம் அது. அண்ணனுக்கோ லீவு கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்பைச் சொன்னாள்.

“அவன் பாக்கணும். எப்படியோ, எதுலயோ பாக்கணும். அவன் பாக்காம நான் கழுத்தை நீட்ட மாட்டேன்.”

சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார். நான் அலட்சியமாக, “அதெல்லாம் லைவ் போட்டுடலாம்மா” என்றேன்.

அண்ணன் இருக்கும் இடத்தில் போனில் முகம் பார்த்துப் பேசுகிற வசதி ஒழுங்காக எடுக்காது. அதனால்தான் நேரலை. ஊரே பயன்படுத்துகிற பெரிய தளத்தில் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் அத்தை மகள் கல்யாணத்தை அப்படிப் போட்டு அவஸ்தைப்பட்டது எனக்கு மறக்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கப்போகிற நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர் உற்சாகத்தில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டார். காப்புரிமை மீறல் என்று தளம் ஒளிபரப்பை அறுத்துவிட்டது. வெளிநாட்டுச் சொந்தம் எதுவும் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. (மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் இன்றுவரை அந்தக் கல்யாணம் நடந்ததை முழுசாக நம்பவில்லை.) எங்கள் நாதஸ்வரக்காரரிடம் சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். பிறகு பந்தி நேரத்தில் எதை வாசிப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஆகவே காப்புரிமை என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத ஒரு தளத்தைப் பிடித்தேன். ஹாஸ்டல் நாட்களில் பழக்கம். புதுப் படம் வெளியான அன்றே தியேட்டரில் எவனோ இருமுகிற சத்தத்தோடு அதில் வந்துவிடும். அதே தளம் அண்மையில் ‘உங்கள் இல்ல விழாக்களை இலவசமாக நேரலை செய்யுங்கள்’ என்று ஒரு மூலையில் கடை விரித்திருந்தது. கேள்வி கேட்பார் கிடையாது, அறுப்பார் கிடையாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மெச்சிக்கொண்டதோடு விட்டிருக்கலாம். தளத்தின் முகவரியைக் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்தேன். மேலே குலதெய்வம் துணை, நடுவில் அப்பா அம்மா பெயர், கீழே ‘வெளிநாட்டு உறவுகள் நேரலையில் கண்டு வாழ்த்த’ என்று போட்டு அந்த முகவரி. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையை அய்யனார் காலடியில் வைத்துக் கும்பிட்டோம். திருட்டுப் படத் தளத்தின் முகவரிக்குச் சாமியிடம் உத்தரவு வாங்கிய குடும்பம் இந்த டெல்டாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். இரண்டாவது பத்திரிகை, முறைப்படி, அப்பாவின் அண்ணனுக்கு. பெரியப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. அதே வெள்ளிக்கிழமைதான் ஒரு பெரிய நடிகரின் படமும் வெளியாகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்துக்காக அரசாங்கம் திருட்டுத் தளங்களைக் கூண்டோடு கைப்பற்றுகிறது என்பதும் செய்தியில் வந்தது, படித்தேன். பாவம் யாரோ என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் தள்ளிவிட்டேன். அந்த யாரோ நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மண்டபத்தில் ஒரு பெரிய திரை வைத்திருந்தோம், பின்வரிசைக்காரர்களும் பார்க்கட்டும் என்று. வீடியோ எடுக்க நாகப்பட்டினத்திலிருந்து மணிமாறன் வந்திருந்தார். காலையில் அவர் கேமராவை மாட்டி, லேப்டாப்பில் பத்திரிகை முகவரியை அடித்துத் திரையைப் போட்டார். வாழைமரத்துக்கும் பூ அலங்காரத்துக்கும் நடுவில் கருப்பாக ஒரு பக்கம் வந்து நின்றது. மேலே அரசு முத்திரை. கீழே ஆங்கிலத்தில், காப்புரிமைச் சட்டத்தை மீறியதற்காக இந்தத் தளம் கைப்பற்றப்பட்டது என்று கொட்டை எழுத்து.

இட்லி சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர்கள் எல்லோரும் நின்று அதைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெரியப்பா ஸ்டேஷன் குரலில் மொழிபெயர்த்தார். கவர்மென்டு பிடித்துவிட்டது, சீல் வைத்துவிட்டது, சட்டமீறல். அவ்வளவுதான், செய்தி பந்திக்குப் போகும்போது ‘ஜப்தி’ ஆகிவிட்டது. எதை ஜப்தி என்று யாருக்கும் தெரியாது. ஆற்றங்கரை நிலம் என்று ஒரு கட்சி, டிராக்டர் என்று ஒரு கட்சி. சமையல்காரர் கரண்டியோடு வந்து, சாம்பாரை இறக்கலாமா, இல்லை கல்யாணம் நின்றுவிட்டதா என்று என்னிடம் நிதானமாக விசாரித்தார்.

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்து, “என்னம்மா, நம்ம கல்யாணத்துக்குத் தடையா?” என்றார். (அவர் குரலில் லேசான ஒரு பெருமை தெரிந்தது என்று இன்றும் சொல்வேன்.)

அப்போது அண்ணன் எனக்குப் போன் செய்தான். “பாப்பா, இங்கயும் போலீஸ் முத்திரைதான் வருது. ரூம்ல எல்லாரும் குளிச்சு, வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்.” அவன் திட்டியிருந்தால்கூட எனக்குப் பொறுத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ஹோமத்தின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மண்டபத்தின் பின்கதவு எங்கே இருக்கிறது என்று கண் தேட ஆரம்பித்தது.

காப்பாற்றியவர் மணிமாறன். என் பக்கம் குனிந்து, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார். பிரவுசரில் சேர்த்துக்கொள்கிற ஒரு குட்டிக் கருவி. கைப்பற்றப்பட்ட தளங்கள் வேறு எந்த முகவரிக்குக் குடிபோயிருக்கின்றன என்று அதற்குத் தெரியும். பழைய முகவரியை அடித்தால் அதுவே கையைப் பிடித்துப் புது வாசலுக்குக் கூட்டிப்போய்விடும். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். “சும்மா தெரிஞ்சு வச்சிருக்கேன்க்கா” என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரியப்பா எங்கள் பின்னால் வந்து நின்றார். அரசாங்கம் பூட்டிய கதவுக்கு மாற்றுச் சாவி போடுவது என்ன குற்றம், என்ன பிரிவு என்று அவருக்குத் தெரியும்.

“பெரியப்பா, கல்யாணம் நம்மளது. கேமரா நம்மளது. பாக்கப்போறது நம்ம பாலு. இதுல யார் வீட்டுப் பொருளைத் திருடுறோம், சொல்லுங்க?”

பெரியப்பா மீசையை நீவிக்கொண்டார். “போடு. ஆனா நான் இங்க இல்ல” என்று சொல்லிவிட்டு, அங்கேயே, வாழைமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கருவி ஏறியது. அண்ணனுக்கும் சொல்லி அங்கேயும் ஏற்றவைத்தேன். பழைய முகவரியை அடித்ததும் திரை ஒரு முறை துடித்து, முதலில் ரம்மி விளம்பரம் வந்தது, பிறகு ஒரே மாதத்தில் தொப்பையைக் குறைத்த ஒருவர் சட்டையில்லாமல் வந்தார், அவர் பக்கத்திலேயே எங்கள் அப்பா சட்டையில்லாமல் வந்தார். வந்துவிட்டது! நான் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் படத்துக்கு மேலே இருந்த தலைப்பைப் படித்தேன். அந்தப் பெரிய நடிகரின் படப் பெயர். ‘முழுப் படம். தெளிவான பிரிண்ட்.’

நடந்தது இதுதான். அவசரத்தில் குடிபோன தளக்காரர்கள் புதுப் படத்துக்கான பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டார்கள், ஆனால் படம் இன்னும் கையில் வரவில்லை. அந்தப் புது வாசலில் ஓடிக்கொண்டிருந்த ஒரே வீடியோ எங்களுடையது. அது போய் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்க உலகம் முழுக்க எத்தனை தமிழர்கள் காத்திருந்தார்களோ, அத்தனை பேரும் இப்போது எங்கள் அப்பா கலச நீரில் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் திரையின் அடியில், மண்டபமே படிக்கும்படி, ஓடிக்கொண்டிருந்தது.

படம் ஆரம்பித்துவிட்டதா என்று ஒருவர். ஹீரோ எப்போது வருவார் என்று இன்னொருவர். நடுவில் உட்கார்ந்திருப்பவர்தான் ஹீரோ, வயசான வேஷம், மேக்கப் பிரமாதம் என்று ஒரு விவரமானவர். கதை ரொம்ப மெதுவாகப் போகிறது. புகை நிஜமாகவே போட்டிருக்கிறார்கள், செலவு பண்ணியிருக்கிறார்கள். அப்புறம் ஒருவர், “பின்னாடி பெரிய மீசையோட வாழைமரத்தை முறைச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான் வில்லன்” என்று எழுதினார்.

பெரியப்பா திரும்பிவிட்டார். எவன் அவன், ஊர் பேரைக் கேள் என்று என்னை நெருக்கினார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அதற்குள் எவரோ, இது நிஜக் கல்யாணம் என்று கண்டுபிடித்து எழுதிவிட்டார். சரி, எல்லோரும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் போகவில்லை. இன்னும் கூட்டம் ஏறியது.

ஆனால் அம்மா சிரிக்கவில்லை. “பாலு வந்துட்டானா?” என்று மட்டும் கேட்டாள். எனக்கே தெரியாது. அவன் போன் எடுக்கவில்லை. குருக்கள் தாலியை அப்பா கையில் கொடுத்துவிட்டார். அம்மா கட்டிய கையை எடுக்காமல், குனிந்த தலை குனிந்தபடி இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அடங்கிவிட்டார்கள்.

அப்போது திரையின் அடியில், அத்தனை கிண்டலுக்கும் நடுவில், ஒரு வரி ஓடியது. “பாப்பா, நான் பாலு. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அம்மா முகம் தெரியல. நிமிரச் சொல்லு.”

நான் மைக்கைப் பிடுங்கி அதைப் படித்தேன். பாதியில் என் குரல் உடைந்துவிட்டது, மீதியைப் பெரியப்பா படித்தார். அதற்குள் முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நிமிருங்கம்மா. அம்மா, பையன் பாக்குறான், நிமிருங்க. பாலு, நல்லா பாத்துக்கப்பா. மேலேயிருந்து கீழே வரை திரை நிறைய அதே வரிதான். அம்மா மெதுவாக நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கைக்கட்டை அவிழ்த்தாள். கெட்டிமேளம் கொட்ட, அப்பா தாலியைக் கட்டினார்.

திரையின் அடியில் பூவாகக் கொட்டியது. எந்தெந்த நாட்டிலிருந்தோ வாழ்த்து. மஸ்கட்டில் வேட்டி கட்டிய அத்தனை பேரும் சேர்ந்து பிடித்த போட்டோவை அண்ணன் எனக்கு அனுப்பினான். நாதஸ்வரக்காரர் யாரையும் கேட்காமல் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார், முழுசாக வாசித்தார், ஒருத்தரும் அறுக்கவில்லை. நான் தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவள்போல் மண்டபத்தில் நடந்தேன்.

சாயங்காலம் அந்தப் புது முகவரியையும் கைப்பற்றிவிட்டார்கள். பெரியப்பாவுக்குப் பரம திருப்தி. நம் வேலை முடிகிறவரை பொறுத்திருந்து பிடித்தார்களே, அதுதான் டிபார்ட்மென்டு என்றார்.

அந்தப் பெரிய நடிகரின் படம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பொங்கலுக்கே டிவியில் போட்டுவிட்டார்கள். அண்ணன் லீவில் வந்திருந்தான். குடும்பமே உட்கார்ந்து, முதல்தடவையாக அந்தப் படத்தை முறைப்படி பார்த்தோம். இடைவேளைக்கு முன்னால் அம்மா அண்ணன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அப்பா மட்டும் கரும்பைக் கடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் அந்த நடிகருக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். இப்போதும் யார் அந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலும் அதையேதான் சொல்கிறார்.

“நல்ல பையன்தான். நம்ம படம் வர்ற அன்னைக்கு வந்து மோதியிருக்கக் கூடாது.”