மூச்சு ஞானியின் இரண்டு கூஜாக்கள்

மூச்சு ஞானியைப் பார்க்க மண்டபம் கொள்ளாத கூட்டம். எல்லாம் ஆஸ்துமா பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு வாசனைப் புகை வேறு போட்டிருந்தார்கள். இளைப்பு இல்லாத பிள்ளைக்கும் வந்துவிடும். வாடிக்கை பெருக வேண்டாமா?

ஞானியின் கண்டுபிடிப்பு இதுதான்: தாயின் துக்கம் பிள்ளையின் மூச்சை உறிஞ்சுகிறதாம். நிரூபணம் கையோடு உண்டு. தெளிந்த தண்ணீரில் குழாய் வைத்துத் தாய் ஊதினால், அது பாலாய் வெளுக்கும். தகப்பன் ஊதினால் வெளுக்காது. தகப்பன்மார் மீசையை முறுக்கிக்கொண்டு போவார்கள்.

அன்று ஊதியவளுக்கு மாதக்கணக்காய்த் தூக்கமில்லை. தலைவாரவும் மனமில்லை. மகளுக்கு வேளைக்கு இன்ஹேலர் கொடுப்பதுகூட மறந்துபோகிறது. ஊதினாள். வெளுத்தது.

"பார்த்தியாம்மா? உன் துக்கம்தான் பிள்ளையைக் கொல்லுது. ஒரு வருஷம் இவ உன் கண்ணுல படக்கூடாது. எங்க ஆசிரமத்துல விட்டுடு. அந்த மருந்தையும் தூக்கி எறி."

"சரி" என்றாள். அழக்கூட இல்லை. மடியிலிருந்த மகள் அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்துக் கணவன் ஊதினான், வேறு கூஜாத் தண்ணீரில். வெளுக்கவில்லை. "மாசற்ற மூச்சு!" என்றார் ஞானி. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கூட வந்த அவன் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு சாமி ரெண்டு கூஜா?"

"அது பெண் தண்ணீர், இது ஆண் தண்ணீர்."

"தண்ணியிலுமா!" பெண் தண்ணீரை வேறு தம்ளரில் ஊற்றி நீட்டினாள். "அண்ணா, இதுல ஊது."

ஊதினான். பால்! கூட்டம் வாயைப் பிளந்தது.

"எனக்கென்ன துக்கம்?" என்று விழித்தான்.

"ஒண்ணுமில்ல. இது சுண்ணாம்பு கரைச்சுத் தெளிய வச்ச தண்ணி, அது வெறும் தண்ணி. எருமை ஊதினாலும் வெளுக்கும். சாமி, நீங்கதான் துக்கத்தைத் துறந்தவராச்சே, நீங்களும் ஊதுங்களேன்."

"நான் இன்னைக்கு மௌனம்!" என்று கத்திவிட்டு ஞானி பின்வாசல் பக்கம் நழுவினார். அங்கேயும் நாலு தகப்பன்மார் தம்ளரோடு நின்றார்கள்.

"அப்ப... என்னால இல்லையா?" என்று கேட்ட தாய்க்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"இல்ல அண்ணி. அவளுக்கு ஒரு நோய், உங்களுக்கு ஒரு நோய். ரெண்டுக்கும் டாக்டர் இருக்காங்க, போவோம். அதுவரைக்கும் இன்ஹேலர் கொடுக்கிறது அண்ணன் வேலை."

இப்போது தாய் மனநல மருத்துவரிடம் போகிறாள், தூங்குகிறாள். மருந்து வேளை தவறுவதில்லை. மகள் மாடிப்படியில் ஓடுகிறாள், திட்டு வாங்குகிறாள்.

பெண்டாட்டியின் துக்கத்தைக் கண்டுபிடிக்கத் தம்ளர் எதற்கய்யா? பக்கத்தில் உட்கார்ந்து "தூங்கினியா?" என்று கேட்டால் தெரிந்துவிடும். அதற்கு ஞானம் வேண்டாம்; மூளையை வாடகைக்கு விடாமலிருந்தால் போதும்.